குரல் வரம் என்போருக்கு: குரல் நடிகர் தொழிலும் ‘தொடர்பு’ என்னும் மாயையும்

குரல் இறைவன் தந்த வரம் என்று கூறும் வழக்கம் எம்மிடையே வேரூன்றிப் போய்விட்டது. பாராட்டு விழாக்களிலும் பொன்னாடை போர்த்தும் வைபவங்களிலும் இவ்வாசகம் தவறாது ஒலிக்கும். கேட்பதற்கு இனிமையான இக்கூற்றின் உட்பொருளை அறிய வேண்டுமாயின், அதனை விழா மேடையில் அல்ல, விளம்பர நிறுவனமொன்றின் கணக்காளரது மேசையருகே நின்று கேட்டல் வேண்டும். வரமாகக் கிடைத்த ஒன்றுக்குக் கூலி எதற்கு? ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை உண்டு. ஒலிப்பதிவாளருக்குச் சம்பளம் உண்டு. சொற்களை எழுதியவருக்கும் ஏதோ ஒரு தொகை உண்டு. அவற்றைத் தம் மூச்சினாலும் நாவினாலும் உயிர்ப்பித்தவரிடம் மட்டும் “ஐந்து நிமிட வேலைதானே, தம்பி” என்கிறார்கள். உழைப்பை உழைப்பென்று ஒப்புக்கொள்ளாதவரை அதற்கு விலை பேசவேண்டிய அவசியம் எவருக்கும் எழாது.

இவ்வாசகத்துக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. “திறமை மட்டும் போதாது, ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும்” என்பதே அது. விளம்பரம், தொலைக்காட்சி நாடகம், ஆவணப்படம், கணினி விளையாட்டு, தொலைபேசி அறிவித்தல் ஆகியவற்றுக்குக் குரல் கொடுக்கும் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞருக்கு இன்று வழங்கப்படும் அறிவுரை அனைத்தும் இவ்விரு வாசகங்களுக்குள் அடங்கிவிடும். வரம் இருந்தால் வா. வந்தபின் ஆட்களைப் பிடி. இதற்குத் ‘தொழில்சார் மேம்பாடு’, ‘நெட்வேர்க்கிங்’ என்ற நாகரிகப் பெயர்கள் வேறு. வார இறுதி நாட்கள் இரண்டில் நடைபெறும் பயிற்சி நெறி, அதன் முடிவில் ஒரு சான்றிதழ், பிரபல அறிவிப்பாளரோடு ஒரு புகைப்படம். இவற்றைக் காசு கொடுத்து வாங்கிய மாணவர்கள் எமது விடுதிகளிலேயே உள்ளனர். குரற்கலைஞருக்குப் பயிற்சியும் வேண்டும், தொடர்பும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. எத்தகைய பயிற்சி, யாரோடு தொடர்பு என்பனவே எமது வினாக்கள்.

முதலில் பயிற்சியை நோக்குவோம். சிங்களத் தொலைக்காட்சி நாடகமொன்றைத் தமிழாக்கிக் குரல் பதிப்பதாகக் கொள்வோம். திரையில் ஒருத்தி ‘எபா’ என்கிறாள். தமிழில் அது ‘வேண்டாம்’. சிங்களச் சொல்லில் இதழ்கள் நடுவே மூடித் திறக்கின்றன. தமிழ்ச் சொல்லிலோ மூடியபடி முடிகின்றன. அவள் வாய் திறந்தபடி அழும்போது எமது குரல் நடிகை மகர ஒற்றில் இதழ் மூடி நிற்றல் இயலாது. எனவே சொல்லை மாற்றவோ, ஒற்றைத் தேய்த்து மூச்சில் கரைக்கவோ வேண்டும், அழுகையும் குன்றக்கூடாது. (‘அம்மா’ மட்டும் இரு மொழிகளிலும் ஒரே இதழசைவில் வந்து நம்மைக் காப்பாற்றுகிறாள்.) விளம்பரத்தின் நிலை இதனினும் சிக்கலானது. சிங்களத்தில் முப்பது வினாடிக்கு அளந்து எழுதப்பட்ட வாசகத்தைத் தமிழாக்கும்போது விகுதியும் வேற்றுமை உருபும் சேர்ந்து அது நீண்டுவிடுகிறது. நீண்டதை மீண்டும் முப்பது வினாடிக்குள் அடைக்கும் பொறுப்பு மொழிபெயர்த்தவருடையதாக இருப்பதில்லை, குரல் கொடுப்பவருடையதே. எங்கே மூச்செடுப்பது, எந்த அசையை அழுத்துவது, எதனைத் தாழ்த்துவது என்பதைச் சில நிமிடங்களுள் அவர் தீர்மானித்தாக வேண்டும். இதனை வரம் என்பது தச்சனது உளியை வரம் என்பதற்கு ஒப்பாகும்.

இவ்விடத்தில் எமது தமிழ்த்துறைகளையும் கேட்கவேண்டியுள்ளது. தொல்காப்பியத்தின் பிறப்பியலை நாம் பயில்கிறோம். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடங்களையும் மனனஞ்செய்து விடைத்தாளில் எழுதிப் புள்ளிகள் பெறுகிறோம். ஆனால் வகுப்பறையில் ஒருவரேனும் எழுந்து நின்று றகரத்தையும் ரகரத்தையும், ழகரத்தையும் ளகரத்தையும் வேறுபடுத்தி ஒலித்துக் காட்டுமாறு கேட்கப்பட்டதுண்டா? ஒலியியலை எழுத்தாலேயே கற்பித்து எழுத்தாலேயே பரீட்சிக்கும் விந்தை எம்மிடையே இயல்பாகிவிட்டது. குரலுழைப்புக்கு அடிப்படையான அறிவு பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உண்டு. வாய் திறக்க அனுமதிதான் இல்லை.

குரலைத் தொழிலாகக் கற்ற மரபு எமக்குப் புதியதும் அன்று. மட்டக்களப்பிலே கூத்துப் பழகத் தொடங்குமுன் ‘சட்டங் கொடுத்தல்’ என்னும் நிகழ்வு நடைபெறும். ஊரவர் கூடியிருக்க, ஒவ்வொருவரது தோற்றத்தையும் குரலையும் சோதித்து, இன்னார்க்கு இன்ன வேடம் என அண்ணாவியார் தீர்மானிப்பார். பாத்திரம் ஏன் ஒருவனுக்குக் கிடைத்தது, மற்றவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை ஊரே கண்டிருக்கும். குறை சொல்வோர் அங்கேயே சொல்லலாம். இன்று கொழும்பிலே குரல் தெரிவு எங்ஙனம் நிகழ்கிறது? ஒரு தொலைபேசி அழைப்பு, தெரிந்தவர்க்குத் தெரிந்தவர், பின்னர் மௌனம். தெரிவுசெய்யப்படாதவருக்குக் காரணம் கூறும் கடமை எவருக்கும் இல்லை.

1925இல் கொழும்பில் தொடங்கி, 1949இல் றேடியோ சிலோன் எனவும் 1967இல் கூட்டுத்தாபனம் எனவும் வளர்ந்த இலங்கை வானொலி, தமிழ் நாடகத்துக்கு ஒரு பயிற்சிக் களமாகவும் இருந்தது. ‘சானா’ எனப்பட்ட சண்முகநாதனின் காலம் முதல், மூத்தோரும் இளையோரும் ஒரே ஒலிவாங்கியைச் சூழ நின்று பயின்றனர். இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ தொடரில் விதானையாராகக் குரல் நடித்தவர் பின்னாளில் பேராசிரியரான கா. சிவத்தம்பி. தமிழாய்வும் குரல் நடிப்பும் அன்று ஒரே ஆளிடம் அடுத்தடுத்து வாழ்ந்தமை நமது துறைகள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தியாகும். சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன்ற தொடர்கள் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கைச் சோகத்துக்கும் உரிய மொழியாக்கின. அதுவரை அது பெரும்பாலும் நகைச்சுவைக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. ‘கோமாளிகளின் கும்மாள’த்தில் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என நான்கு பாத்திரங்கள் நான்கு வகைத் தமிழ் பேசின. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாயிற்று. ஒருவர் மற்றவரது வழக்கைக் கேட்டுக் கேட்டே தமது வழக்கின் தனித்தன்மையை உணர்ந்தனர். வார இறுதிச் சான்றிதழால் இதனைத் தரவியலாது.

அக்காலத்தைப் பொற்காலமாக்கிக் கண்ணீர் வடிப்பது எமது நோக்கமன்று. கொழும்புக்கு வந்துபோகும் வசதியற்றவனுக்கு அக்கூடத்தின் கதவு திறந்தும் பயனில்லை. மலையகத் தோட்டத்து இளைஞனுக்கும் கிழக்கின் கிராமத்துப் பெண்ணுக்கும் அது எத்தனை தொலைவு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எனினும் அங்கே கலைஞர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். இன்றைய குரற்கலைஞர் தம்மை அழைப்பவரை மட்டுமே அறிவர். தம்போன்ற மற்றொருவர் அதே வேலைக்கு என்ன பெற்றார் என்பதை அறியார். ‘தொடர்பு’ எனப்படுவதன் இலட்சணம் இதுதான். அது மேல்நோக்கியே செல்கிறது. தயாரிப்பாளர், முகாமையாளர், அறிவிப்பாளர் என மேலேயுள்ளவரின் கைபேசி இலக்கத்தைச் சேர்ப்பதே நெட்வேர்க்கிங் எனக் கற்பிக்கப்படுகிறது. பக்கத்தில் நிற்பவன் போட்டியாளன். நிலப்பிரபுவின் முற்றத்தில் தனித்தனியே கைகட்டி நின்ற குடியானவரும் தமக்குத் தொடர்பு இருப்பதாகவே எண்ணியிருப்பர்.

மேல்நோக்கிய தொடர்பு மொழியையும் வளைக்கிறது. எம்மோடு பயிலும் மட்டக்களப்பு நண்பர் ஒருவர், கொழும்பிலுள்ள நிறுவனமொன்றின் பால்மா விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கச் சென்றார். இரண்டாம் முறை வாசித்ததும், “கொஞ்சம் சென்னைப் பாணியில் சொல்லுங்கள், அதுதான் எடுபடும்” என்றனராம். அவ்விளம்பரம் ஒலிபரப்பாகப் போவது இந்நாட்டில். பால்மாவை வாங்கப் போவோர் எம் தாய்மார். அவர்தம் பேச்சு அவர்தம் பணத்துக்கு உகந்ததாகக் கருதப்படவில்லை. நண்பர் மறுத்திருக்கலாமே எனச் சிலர் கேட்பர். அடுத்த அழைப்புக்காக அந்த ஒரேயொரு மனிதரை நம்பியிருப்பவர் எங்ஙனம் மறுப்பார்?

தனியொருவர் பெறும் சலுகை மற்றவருக்கு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கக் கேலிச்சித்திரப் பட உலகம் ஓர் உதாரணம் தருகிறது. ‘பக்ஸ் பன்னி’ என்னும் முயலுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் 1940களில் சம்பள உயர்வு கேட்டார். மறுத்த தயாரிப்பாளர், அதற்குப் பதிலாகத் திரையில் அவர் பெயரைப் பொறிக்க இசைந்தார். பெயர் செலவில்லாத பொருளன்றோ! அவரது புகழ் ஓங்கிற்று. ஆனால் அதே படங்களில் வேட்டைக்காரன் எல்மருக்குக் குரல் கொடுத்த ஆதர் பிரையனின் பெயர் திரையில் வரவில்லை. எல்லாக் குரல்களும் பிளாங்கினுடையவை என்றே பார்த்தோர் நம்பினர். ஒருவரது திறமையான தொடர்பு மற்றவரது மறைவுக்குத் திரையாயிற்று. இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது 1937இல் அந்நாட்டு வானொலிக் கலைஞர் அமைத்த சம்மேளனம். மறு ஆண்டே அது என்.பீ.சீ., சீ.பீ.எஸ். ஆகிய பெரு நிறுவனங்களோடு கூட்டு ஒப்பந்தம் செய்தது. பல இணைப்புகளைக் கண்ட அதன் வழித்தோன்றலே 2024 ஜூலையில், கணினி விளையாட்டுகளில் இயந்திரக் குரலுக்கு எதிரான பாதுகாப்புக் கோரி வேலைநிறுத்தம் தொடங்கி, ஏறத்தாழ ஒரு வருடம் போராடி 2025இல் புதிய ஒப்பந்தம் பெற்றது. அமெரிக்காவைப் புகழ நமக்கு விருப்பமில்லை. அங்கேயே கூட்டாகக் கேட்டபோதுதான் கிடைத்தது என்பதை மட்டும் கவனிக்க.

“சங்கம் அமைத்தால் அதுவே மற்றொரு காவலாளியாகி வாயிலை மறிக்காதா?” என்ற எதிர்வினாவைப் புறந்தள்ள முடியாது. சென்னையில் அது நிகழ்ந்துள்ளது. 2018 நவம்பரில், சந்தா செலுத்தவில்லை என்ற காரணங்காட்டிக் குரற்கலைஞர் சின்மயியை அங்குள்ள டப்பிங் கலைஞர் சங்கம் உறுப்புரிமையிலிருந்து நீக்கியது. திரையுலகின் முக்கியஸ்தர்களையும் அச்சங்கத்தின் தலைவரையும் அவர் பகிரங்கமாகக் கண்டித்த சில வாரங்களின் பின் இது நிகழ்ந்தது. அதுவே உண்மைக் காரணம் என்பது அவர் வாதம், வழக்கும் தொடுக்கப்பட்டது. அவரது குரல் தமிழ்ப் படமொன்றில் மீண்டும் பலராலும் கவனிக்கப்பட்டது 2023இல் வெளிவந்த ‘லியோ’விற்றான். உறுப்புரிமை அட்டையே வேலைக்கு அனுமதிச் சீட்டாகவும், அதைப் பறிக்கும் அதிகாரம் சிலர் கையிலுமாக இருந்தால் சங்கமும் ஒரு ஜமீன்தான். ஆகவே எமக்கு வேண்டிய அமைப்பு வேலை பங்கிடும் அமைப்பாக இருத்தல் கூடாது. எவர் எங்கு வேலை செய்யலாம் என்று அது கட்டளையிடவும் கூடாது. குறைந்தபட்சக் கூலி, எழுத்து ஒப்பந்தம், பெயர் குறிப்பிடல் ஆகியவற்றுக்காக மட்டும் பேரம் பேசட்டும். பொறுப்பாளரும் காலத்துக்குக் காலம் மாறட்டும்.

எழுத்து ஒப்பந்தத்தை நாம் வலியுறுத்துவதற்குத் தனிக் காரணம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநருக்குச் சில உரிமைகளை அளிக்கிறது. ஆயின், ஒளியும் ஒலியும் சேர்ந்த பதிவொன்றில் தமது நிகழ்த்துகையைச் சேர்க்க ஒருவர் ஒருமுறை இசைந்துவிட்டால், அப்பதிவு தொடர்பில் அவ்வுரிமைகள் செயலற்றுப் போகின்றன. எஞ்சுவது அவர் கையொப்பமிட்ட தாள் மட்டுமே. இன்று அத்தாளில் ‘எந்த ஊடகத்திலும், எக்காலத்திலும், எவ்வடிவிலும்’ என்ற ஒரு வரி இருந்தால், அது அவர் பேசாத சொற்களையும் அவர் குரலில் இயந்திரம் பேசுவதற்கு ஒப்புதலாகப் பொருள்கொள்ளப்படலாம். இது கற்பனையன்று. 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில், மறைந்த சாகுல் ஹமீதின் குரலும் 2022இல் மறைந்த பம்பா பாக்கியாவின் குரலும் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுக்கப்பட்டன. குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் வழங்கப்பட்டதாக இசையமைப்பாளர் ரகுமான் அறிவித்தார். அவர் கேட்டார், கொடுத்தார். அதே ஆண்டில், எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் தெலுங்குப் படமொன்றில் அனுமதியின்றி உருவாக்கப்பட்டதாகக் கூறி அவர் குடும்பத்தினர் வழக்கறிஞர் அறிவித்தல் அனுப்ப நேர்ந்தது. புகழ்பெற்றோரின் குடும்பங்களுக்கு வழக்கறிஞர் உளர். பால்மா விளம்பரத்துக்கு மூவாயிரம் ரூபாவோடு வீடு திரும்பியவருக்கு யார் உளர்?

இங்கே மொழியின் கதி வேறு வழியில் மீண்டும் எழுகிறது. இயந்திரம் தான் கேட்ட தமிழையே பேசும். எமது வழக்குகளில் பதிவான குரல்கள் அரிதாயின் அது எம்மைப்போலப் பேசக் கற்காது. கொடுத்தால் விலையின்றிப் பறிபோகும், கொடாவிடில் எமது தமிழ் அங்கே இல்லாதொழியும் என்ற இக்கட்டில் தனியொரு கலைஞர் எம்முடிவும் எடுக்கவியலாது. எவ்வளவுக்கு, எந்நிபந்தனையில், எவ்வளவு காலத்துக்கு என்பதைச் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே எமது தமிழ்ச் சங்கத்திடம் ஒரு கோரிக்கையை முன்வைக்கின்றோம். ஆண்டுதோறும் ஒரு பிரபல அறிவிப்பாளரை அழைத்து, மாலையிட்டு, ‘வெற்றியின் இரகசியம்’ கேட்கும் கூட்டத்தை இவ்வருடம் நிறுத்துக. அம்மண்டபத்தில், இப்பல்கலைக்கழகத்தில் குரல் வேலைக்குச் சென்றுவரும் மாணவர் அனைவரையும் ஒருமுறை வட்டமாக இருத்துக. ஒவ்வொருவரும் கடைசியாகச் செய்த வேலையையும் அதற்குப் பெற்ற தொகையையும், கையொப்பமிட்ட தாள் இருப்பின் அதனையும், மற்றவர்முன் வைக்கட்டும். சட்டம் பயிலும் நண்பர்கள் அத்தாள்களை வாசித்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கத்தில் அடங்கும் மாதிரி ஒப்பந்தமொன்றை வரையட்டும். சிங்கள மாணவ குரற்கலைஞரையும் அழைத்தல் வேண்டும். ஒரே விளம்பரத்துக்கு அவர்கள் பெற்றதும் நாம் பெற்றதும் எவ்வளவு என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. அடுத்த தவணை தொடங்கும் வாரத்தில், விரிவுரைகள் முடிந்தபின் மாலை நான்கு மணிக்கு இதனைக் கூட்டலாம்.