அந்தப் படிவத்துக்கு என்ன அவசரம்?

குளச்சலில் ஒரு விசைப்படகுத் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரமாக விடாத இருமல். கரைக்கு வந்ததும் தனியார் கிளினிக்குக்குப் போகிறார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிகிறது. மருந்து கொடுத்துவிடுகிறார்கள். அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய படிவம் மட்டும் மேஜையிலேயே கிடக்கிறது. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்!' அதற்குள் அவர் மறுபடி கடலுக்குப் போய்விடுகிறார். அதே படகு, நெருக்கியடித்துப் படுக்கும் அதே கூட்டாளிகள்.

காசநோயைத் தனியார் மருத்துவமனைகளும் அரசுக்குத் தெரிவிப்பது 2012 மே மாதம் முதல் கட்டாயம். தகவல் போனால்தான் சுகாதாரப் பணியாளர் தேடி வருவார்; வீட்டில் உள்ளவர்களுக்கும் பரிசோதனை நடக்கும். நோயாளிக்கான சத்துணவு உதவித்தொகையும் 'நிக்ஷய்' தளத்தில் பதிந்தால்தான் வங்கிக் கணக்குக்கு வரும். 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய அது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய்.

படிவம் தாமதமாகச் சோம்பல் மட்டுமே காரணமல்ல. சின்ன கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதும், ஊசி போடுவதும், பதிவேடு எழுதுவதும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அதனால்தான் தகவல் தந்தால் 500 ரூபாய், சிகிச்சையின் முடிவைத் தெரிவித்தால் இன்னொரு 500 ரூபாய் எனத் தனியாருக்கு ஊக்கத்தொகை வந்தது.

பணம் மட்டும் போதுமா? ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில், செவிலியர்கள் சரியாக வேலைக்கு வர, நேரம் பதியும் இயந்திரம் வைத்து, வராதவர்களுக்குச் சம்பளப் பிடித்தம் என்றார்கள். முதல் சில மாதங்கள் நல்ல பலன். பிறகு நிர்வாகமே 'விலக்கு நாள்' என்று தாராளமாக அனுமதிக்க, ஒன்றரை ஆண்டுக்குள் எல்லாம் பழைய கதை. 2008-ல் வெளியான ஆய்வு இதைச் சொல்கிறது.

தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வேறு வழி காட்டியது. எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பணியாளர் சில விவரங்களைக் குறித்தால் போதும். இவரை உடனே வார்டில் சேர்க்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும். எழுதியவரின் கண்ணெதிரே அந்தத் தாள் ஓர் உயிரைக் காக்க உதவுகிறது. அப்படிப்பட்ட தாளை 'நாளைக்கு' என்று தள்ளிப்போட யாருக்கு மனசு வரும்?

உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால், மருந்தோடு திரும்பிவிடாதீர்கள். 'நிக்ஷய்ல பதிஞ்சாச்சா? நம்பர் என்ன?' என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு கேள்வியும் கிளினிக் ஊழியருக்கு நல்ல நினைவூட்டல்தான்!