உயிர் தப்பியவளின் கொலை

அமெரிக்கத் திகிற் படங்கள் பற்றிய வாதங்களில் இரு சாரார் வழக்கமாக எதிரெதிரே நிற்பர். இப்படங்கள் இளைஞர் மனத்தை நஞ்சாக்குகின்றன எனக் கூறித் தடை கோருவோர் ஒரு சாரார். சமூகத்தின் அடிமனப் பயங்களுக்கு இவை வடிகால் எனக் கூறிப் பரிந்து பேசுவோர் மறு சாரார். இரு சாராரும் திரையிற் சிந்தும் இரத்தத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இரத்தம் மிஞ்சிவிட்டது என்கின்றனர் முன்னையோர்; அது வெறுஞ் சாயந்தானே என்கின்றனர் பின்னையோர். ஆனால், குறைந்த செலவில் எடுக்கப்படும் தொடர்கொலைப் படங்களின், சிறப்பாக அவற்றின் இரண்டாம் பாகங்களின், குற்றம் இரத்தத்தில் இல்லை. மரணத்துக்கு இருந்த பொருளைத் துடைத்துவிட்டுப் பிணங்களின் தொகையை மாத்திரம் கூட்டிச் செல்வதே அவற்றின் குற்றம். 1981இல் வெளிவந்த ‘பிரைடே த தேர்ட்டீன்த் - பகுதி 2’ இதற்குத் தக்க சான்று.

இப்படத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள விரும்புவோர் முதலில் அதன் கணக்கேட்டை நோக்குதல் வேண்டும். 1978இல் ஜோன் கார்ப்பென்டர் ஏறத்தாழ 3 இலட்சத்து 25 ஆயிரம் டொலர் செலவில் எடுத்த ‘ஹலோவீன்’, போட்ட முதலைப் பன்மடங்காகத் திருப்பித் தந்தது. அதனைக் கண்ட ஷோன் கனிங்ஹாம், 1979இல் ‘வெரைட்டி’ என்னும் திரையுலக ஏட்டில் ஒரு விளம்பரத்தை வெளியிட்டார். படப்பிடிப்பு அப்போது தொடங்கியிருக்கவில்லை. விற்பனைக்குரிய பெயர் மாத்திரமே தயாராக இருந்தது. 1980இல் வெளிவந்த முதற் படத்துக்கு ஏறத்தாழ 5 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் செலவாயிற்று. பரமவுண்ட் நிறுவனம் அதனை விநியோகிக்க, அமெரிக்காவில் மாத்திரம் 4 கோடி டொலரை அண்டிய வசூல் கிடைத்தது. ஓராண்டு கழியுமுன்னரே இரண்டாம் பாகம் கொட்டகைகளை வந்தடைந்தது. அதன் நெறியாளர் ஸ்டீவ் மைனர். செலவு ஏறத்தாழ 12 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். வசூல் 2 கோடிக்கு மேல். சொல்லவேண்டியது எஞ்சியிருந்தமையால் அன்று, ஈட்டவேண்டியது எஞ்சியிருந்தமையாலேயே இப்படம் பிறந்தது.

வணிக நோக்கிற் பிறந்தமை மாத்திரமே ஒரு படைப்பைக் கண்டிக்கப் போதிய காரணமாகாது என்பது உண்மையே. அதனாற் படைப்பின் உட்பொருளுக்கு நேர்ந்தது யாது என்பதே வினா. முதற் படத்தில், கிறிஸ்டல் லேக் என்னும் கோடைகால முகாமில் 1957இல் ஜேசன் என்ற சிறுவன் ஏரியில் மூழ்கிப் போகிறான். அவனைக் கவனித்திருக்கவேண்டிய இளம் பொறுப்பாளர்கள் தம் இன்பத்தில் மூழ்கியிருந்தனர் என்பது தாயின் குற்றச்சாட்டு. பின்னர் அம்முகாமில் நிகழும் கொலைகளைச் செய்பவள் அத்தாயே என்பது இறுதியில் வெளிப்படுகிறது. அது உயர்ந்த கலைப்படைப்பு அன்று. ஆயினும் அக்கொலைகளின் அடியில் மனிதர் எவரும் விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு துயர் இருந்தது. பிள்ளையை இழந்த தாய் பித்தேறினாள் என்பதில், எவ்வளவு மலினமாகச் சொல்லப்பட்டபோதிலும், ஓர் உண்மையின் சாயல் உண்டு.

இரண்டாம் பாகம் செய்வது யாது? சிறுவன் இறக்கவேயில்லை என்கிறது. அவன் காட்டில் ஒளிந்து வளர்ந்தானாம். தாய் தலை வெட்டுண்டு மடிவதைக் கண்டானாம். இப்போது கோணிப்பையால் முகத்தை மூடிக்கொண்டு பழிவாங்கப் புறப்பட்டிருக்கிறானாம். பிள்ளை உயிரோடிருந்தானெனின் தாய் யாருக்காக அழுதாள்? அத்தனை ஆண்டுகளாக அவன் ஏன் அவளிடம் திரும்பவில்லை? படம் இவ்வினாக்களுக்கு மறுமொழி தேடவில்லை. இதனைக் கதைப்பின்னலின் ஓட்டை என்று கூறிக் கடந்து செல்வது தவறு. முதற் படத்தில் எஞ்சியிருந்த ஒரேயொரு மனிதத் துயர் இங்கு இரத்துச் செய்யப்படுகிறது. கொலைகள் தொடரவேண்டும் என்பதற்காகக் கொலைகளின் காரணமே கொல்லப்படுகிறது.

இதனினும் பாரதூரமானது அலிஸ் என்ற பெண்ணுக்கு நேர்வது. முதற் படத்தின் இறுதியில் உயிர் தப்பியவள் அவள் ஒருத்தியே. ஒன்றரை மணிநேரம் பார்வையாளர் அவளோடு அஞ்சினர். அவள் பிழைத்தபோது தாமும் மூச்சு விட்டனர். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் அவள் இன்னமும் கொடுங்கனவுகளால் வதைபடுகிறாள். அக்கனவு என்ற சாக்கிலே பழைய படத்தின் துண்டுகள் மீண்டும் காட்டப்படுகின்றன. அதன் பின்னர் அவளது சமையலறையில், பனிக்கட்டி உடைக்கும் ஊசியால், அவள் கொல்லப்படுகிறாள். படத்தின் பெயரே அதன் பிறகுதான் திரையில் தோன்றுகிறது. தயாரிப்பில் இதற்குக் காரணம் எதுவாயினும் ஆகுக; பார்வையாளர் பெறும் செய்தி தெளிவானது. பிழைத்தல் என்பது ஒரு முடிவன்று. அடுத்த வசூல்வரை வழங்கப்பட்ட தவணை. பேரழிவிற் பிழைத்த ஒருத்தியின் பின்வாழ்வு பற்றி எத்தனையோ சொல்லலாம். இங்கோ அவ்வாழ்வு பெயர்ப்பலகைக்கு முன்னர் அப்புறப்படுத்தப்படவேண்டிய பழைய பொருளாகிவிட்டது.

பணமில்லாதோர் வேறென்ன செய்வர் என்று சிலர் கேட்கலாம். அவ்வாதம் நில்லாது. 1960இல் ஹிட்ச்கொக் ‘சைக்கோ’வை, தமது தொலைக்காட்சித் தொடரின் தொழில்நுட்பக் குழுவினரைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில், ஏறத்தாழ 8 இலட்சம் டொலர் செலவில் எடுத்தார். 1986இல் ஜோன் மெக்னோட்டன் சிக்காக்கோவில் எடுத்து முடித்த ‘ஹென்றி: ஒரு தொடர்கொலையாளியின் சித்திரம்’ ஏறத்தாழ 1 இலட்சத்து 10 ஆயிரம் டொலரிலேயே உருவானது. ஜேசனின் இரண்டாம் பாகத்துக்குச் செலவானதில் அது பத்திலொரு பங்குகூட இல்லை. அப்படத்தில் ஒரு குடும்பம் கொல்லப்படுவதைக் கொலைஞர் இருவரும் வீடியோவிற் பதிவுசெய்து, பின்னர் வீட்டிலிருந்து பார்க்கின்றனர். நாமும் அதே பெட்டியில் அவர்களோடு அமர்ந்தே அதனைப் பார்க்கிறோம். அவர்களுள் ஒருவன் மறுபடியும் பார்க்க விரும்பி நாடாவைப் பின்னோட்டும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் நமது விருப்பமும் அம்பலமாகிறது. ஜேசனின் படமோ பார்வையாளனை எவ்விடத்தும் கூசவைப்பதில்லை. அடுத்தவர் யார், ஆயுதம் யாது என்று எண்ணிக்கொண்டிருக்க மாத்திரமே அவனைப் பழக்குகிறது.

தடை கோருவோரும் தணிக்கையாளரும் இவ்வேறுபாட்டை உணர்ந்தாரில்லை. முதற் படம் வெளிவந்தபோது ஜீன் சிஸ்கெல் என்ற சிக்காக்கோ விமர்சகர், பரமவுண்டின் தாய்க் கம்பனித் தலைவருடைய முகவரியைத் தமது பத்திரிகையில் வெளியிட்டு, வாசகரைக் கண்டனக் கடிதம் எழுதத் தூண்டினார். அவருடைய சீற்றம் நேர்மையானது. ஆனால் வசூலையே மொழியாகக் கொண்ட நிறுவனத்துக்குக் கடிதங்கள் விளங்கவில்லை. இரண்டாம் பாகத்தைத் தரப்படுத்திய அமெரிக்கச் சபையோ, கொலைக் காட்சிகளிற் சில விநாடிகளை வெட்டுவித்து அதனை வெளியே அனுப்பியது. ‘ஹென்றி’க்கு அதே சபை மிகக் கடுமையான தரத்தை வழங்கியது, குறித்த காட்சிகளை வெட்டுவதாற் பயனில்லை, படத்தின் ஒட்டுமொத்தத் தொனியே தடை எனக் கூறப்பட்டது. அது 1990வரை பரவலாகத் திரையிடப்படவில்லை. மரணத்தை மரணமாகக் காட்டிய படம் முடக்கப்பட்டது. மரணத்தை விளையாட்டாக்கிய படம் கத்தரிக்கோலுக்கு இலகுவில் இணங்கிக் கொட்டகையை அடைந்தது. விநாடிகளை அளக்கும் கத்தரிக்கோல் பொருளை அளக்காது.

பரிந்து பேசுவோரின் வாதங்களுள் மிக வலுவானது கரொல் குளோவர் 1987இல் எழுதிய கட்டுரையிற் காணப்படுவது. இத்தகைய படங்களில் இறுதியில் எஞ்சி நின்று எதிர்ப்பவள் ஒரு பெண் என்பதையும், இளம் ஆண்களான பார்வையாளர் அவளோடு தம்மை ஒன்றுபடுத்திக்கொள்கின்றனர் என்பதையும் அவர் நுட்பமாகக் காட்டினார். அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இரண்டாம் பாகத்திலும் ஜின்னி என்ற உளவியல் மாணவி இருக்கிறாள். ஜேசனின் உள்ளம் எத்தகையதாயிருக்கும் என்று மதுச்சாலையில் அவள் எண்ணிப் பார்க்கிறாள். இறுதியில் அவனுடைய தாயின் மேற்சட்டையை அணிந்து, தாயாகவே பேசி, அவனைத் தயங்கவைக்கிறாள். படத்திற் சிந்தனை தலைகாட்டும் இடம் அது ஒன்றே. ஆயின் அதுவும் தப்புதற்கான உபாயமாகச் சில நிமிடங்களிற் செலவாகிவிடுகிறது. மேலும், இறுதிப் பெண்ணின் வெற்றியைக் கொண்டாடுவோர் அலிசுக்கு நேர்ந்ததைக் கணக்கிலெடுத்தல் வேண்டும். ஒரு படத்தில் வழங்கப்பட்ட வெற்றியை அடுத்த படம் தொடக்கத்திலேயே பறிக்குமாயின், அது வெற்றியன்று, கடன்.

பின்னர் நிகழ்ந்தவை இதனை உறுதிசெய்தன. 1982இல் மூன்றாம் பாகத்தில் ஜேசனுக்கு ஹொக்கி முகமூடி கிடைத்தது. அதுவே வணிக முத்திரையாயிற்று. 1984இல் ‘இறுதி அத்தியாயம்’ என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. 1985இல் ‘புதிய ஆரம்பம்’ வந்தது. 2009வரையில் இவ்வரிசையிற் பன்னிரண்டு படங்கள் வெளியாயின. முகமூடியை உலகமே அறியும். அதன் முன் விழுந்தவர்களுள் எத்தனை பேரின் பெயர் எவருக்கு நினைவிருக்கிறது? கொலைஞன் இறவாதவனாகவும் கொலையுண்டோர் பெயரற்றோராகவும் ஆகும் உலகையே இவ்வரிசை கட்டியெழுப்பியது.

ஆகவே இப்படங்களைத் தடைசெய்க என்பது தீர்வாகாது. தடை அவற்றுக்கு இலவச விளம்பரமாகவே அமையும். இவை வெறும் விளையாட்டு என்று விட்டுவிடுதலும் தகாது. எந்தத் தொடர்ச்சிப் படத்தைக் காணும்போதும் எழுப்பவேண்டிய வினா ஒன்று உண்டு: முன்னைய படத்தில் இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் இப்படம் என்ன செய்கிறது? 1981இன் இரண்டாம் பாகம் இறந்த பிள்ளையை ஆயுதமாக்கியது. பிழைத்த பெண்ணை முன்னுரையிலேயே கொன்றது. அதன் மீதான தீர்ப்புக்கு ஒரு துளி இரத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டியதில்லை.