மலைக்காரத் தோழர்களே, கடற்கரைக்கு இறங்குங்கள்!

தோழர்களே! அருமனைத் தோழர்களே! கடையால், களியல், திற்பரப்புத் தோழர்களே! ரப்பர் பால் வெட்டும் தோழர்களே! எழுங்கள். இன்றே எழுங்கள்.

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர். கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு. இத்தனை ஊர் மண்ணையும் தோண்ட ஐ.ஆர்.இ.எல். என்னும் ஒன்றிய அரசு நிறுவனத்துக்குக் குத்தகை. அந்த மணலில் மோனசைட் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் அணு உலைக்கு வேண்டும். ஆகவே இது நாட்டுப் பாதுகாப்பாம். ஆகவே நாம் வாயைத் திறக்கக் கூடாதாம்!

2024 அக்டோபர் 1-இல் கருத்துக்கேட்பு என்றார்கள். மக்கள் கொதித்தார்கள். கூட்டம் தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு வழியை மாற்றினார்கள். 2025 செப்டம்பர் 8-இல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. அணுக் கனிமச் சுரங்கத்துக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை! பாதுகாப்பு அமைச்சகம் கேட்டது. அணுசக்தித் துறை கேட்டது. கொடுத்துவிட்டார்கள். நம்மிடம் யார் கேட்டார்கள்?

“அது கடப்புறத்தான் பிரச்சினை, நமக்கென்ன?” சாயக்கடையில் இந்தக் குரல் கேட்கிறது. கேட்டுவிட்டுச் சாயாவைக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். அங்கேயே பதில் சொல்லுங்கள்.

அந்த மணல் எங்கிருந்து போனது? நம் மலையிலிருந்து போனது. பாறை பொடிந்து, கோதையாற்றில் உருண்டு, மூவாற்றுமுகத்தில் பரளியாற்றோடு கூடி, குழித்துறை தாண்டி, தேங்காய்ப்பட்டணத்தில் கடலைத் தொட்டது. கடல் அதை அலசி அலசிக் கரையில் ஒதுக்கியது. ஆயிரமாயிரம் ஆண்டு வேலை. அது நம் மண், தோழர்களே. நம் மலையைத்தான் அங்கே ஏலம் போடுகிறார்கள்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? முன்பு மலையை ஆறு கொண்டுபோனது. இப்போது டாரஸ் லாரி கொண்டுபோகிறது. குவாரியில் வெடி. சுவரில் விரிசல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லாரிக்கு ஒதுங்கி ஓடையில் இறங்குகிறார்கள். கல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போகிறது. கரை அரிக்கும் ஊர்களில் கடல் சுவராகவும் விழுகிறது. கணக்கைப் பாருங்கள். கரையில் மணலை எடு. கடல் உள்ளே வரும். கடலைத் தடுக்க மலையை உடை. மலை போனால் ஊற்று போகும், ஆறு போகும், ஆறு கொண்டுவரும் மணலும் போகும். பிறகு எதை உடைப்பார்கள்?

இதற்குப் பெயர் பாதுகாப்பு!

2017 நவம்பர் 30 நினைவிருக்கிறதா? ஒக்கிப் புயல். கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பவில்லை. அதே நாளில் இங்கே நம் ரப்பர் முறிந்தது, நம் வாழை சாய்ந்தது. கடற்கரைக்கு ஒரு காற்று, மலைக்கு ஒரு காற்று என்று பிரித்தா அடித்தது? 2004 டிசம்பர் 26-இல் கொட்டில்பாட்டில் புகுந்த கடல் எந்த எதிரி நாட்டுப் படை? பீரங்கி வைத்துத் தடுக்க முடிந்ததா? மணல்மேடும் காடும் சதுப்பும் எல்லைக் காவல்தான், தோழர்களே. சம்பளம் கேட்காத காவல். அதைத் தோண்டி எடுத்துவிட்டு எந்த நாட்டைக் காப்பாற்றப் போகிறார்கள்?

1741-இல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. வெற்றித் தூண் இன்னும் நிற்கிறது. அந்தக் கரையின் மக்களுக்கா தேசபக்திப் பாடம்? ‘சாகர் கவச்’ கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை வந்தால், அந்நியப் படகு கண்டால் சொல் என்று மீனவரிடம் கேட்கிறார்கள். நாட்டின் கண்ணும் காதும் நீ என்கிறார்கள். உன் வீட்டு வாசலைத் தோண்டலாமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள்!

ஒன்று சொல்கிறேன். அணுவிஞ்ஞானி பாபா 1950-களில் வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் தோரியம் மூன்றாம் கட்டம். அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை. வராத உலைக்கு இருக்கிற ஊரைக் கொடு என்கிறார்கள். கொடுப்பீர்களா?

நாம் கொடுத்தவர்கள் அல்ல. தமிழகத்தோடு இணையக் கேட்டு 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் மார்பில் குண்டு வாங்கிய மண் இது. அன்று விளவங்கோடு மலை என்றும் கடல் என்றும் பிரிந்து நிற்கவில்லை. இனயம் துறைமுகத்துக்கு 2016-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கரை எழுந்து நின்றது. இனயத்தில் துறைமுகம் வந்ததா? வரவில்லை!

இப்போது நம் முறை. கடற்கரை தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறது. நாம் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு ஒரு கையெழுத்து. நாளை நம் மலையிலும் ஏதோ ஒரு கனிமம் இருக்கிறது என்பார்கள். அதுவும் நாட்டுப் பாதுகாப்பு என்பார்கள். அன்றைக்கு நமக்காகக் கத்த யார் இருப்பார்?

பயமா? இருக்கட்டும். பயத்தோடே வாருங்கள். வழக்கு போடுவார்கள். போடட்டும். தேசவிரோதி என்பார்கள். சொல்லட்டும். வாருங்கள்!

குறிப்பாணையைத் திரும்பப் பெறு என்று எழுதுங்கள். 1,144 ஹெக்டேர் குத்தகையை ரத்து செய் என்று எழுதுங்கள். மலையை உடைக்காதே என்றும் அதே தாளில் எழுதுங்கள். அருமனைப் பேரூராட்சியில் கொடுங்கள். சுற்றியுள்ள ஊராட்சிகளில் அடுத்த கிராமசபைக்குக் குடும்பத்தோடு போங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை பாயைவிட்டு எழாதீர்கள். ஏறியதும் நகல் கேட்டு வாங்குங்கள். வாங்கிய கையோடு பஸ் ஏறுங்கள், தேங்காய்ப்பட்டணத்துக்கு.