ஒரு போல்ட்டுக்காக ஒரு லேத் தூங்கலாமா?



புத்தி தடுமாறியவனை ‘மரை கழண்டவன்’ என்று சொல்வது நம்ம ஊர் வழக்கம். நிஜமாகவே மரை தேய்ந்து, நட் தொலைந்து, வொர்க்‌ஷாப் மூலையில் நிற்கிற மெஷினைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ‘பழுது’ என்று ஒரு அட்டையைத் தொங்க விட்டால் கதை முடிந்தது. ஒரு லேத் நின்றால் அந்த பேட்ச்சில் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களுக்கும் அதே டிப்ளமோதான் கிடைக்கும். ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் சாயம் வெளுத்துவிடும்.

மோட்டார் ஓடுது, கியர் நல்லா இருக்கு, டூல் போஸ்ட்டைப் பிடிக்கிற ஒரு போல்ட் இல்லை; அதுதான் பல இடங்களில் பிரச்சினை. “ஒரு போல்ட்தானே, கடையில் வாங்கிப் போட்டா போச்சு” என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கலே இருக்கிறது.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை போட்டது. ஒருவர் செய்த நட் இன்னொருவர் போல்ட்டில் ஏறாது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் ‘எல்லாரும் ஒரே அளவு போடுவோம்’ என்றார். மரையின் கோணம் 55 டிகிரி. இந்தக் குறுக்களவுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று வகுத்துக் கொடுத்தார். அதுதான் பி.எஸ்.டபிள்யூ. வெள்ளைக்காரன் காலத்து லேத்தும் ஷேப்பரும் ஆயில் இன்ஜினும் அந்த மரையோடுதான் நம்ம நாட்டுக்கு வந்தன. அமெரிக்காக்காரர்கள் 60 டிகிரி என்று தனி வழி போனார்கள். 1956-இல் நம்ம நாடு சட்டம் போட்டு மெட்ரிக் அளவுக்கு மாறியது. புது போல்ட்டுகள் மில்லிமீட்டருக்கு மாறின; பழைய மெஷின்கள் மாறவில்லை. சட்டம் போட்டால் வார்ப்பிரும்புக்குள் இருக்கிற மரை மாறுமா?

கணக்கைப் பாருங்கள். அரை அங்குல விட்வொர்த் போல்ட், அதாவது கடைக்காரர் பாஷையில் ‘நாலு நூல்’ போல்ட், குறுக்களவு 12.7 மி.மீ.; அங்குலத்துக்கு 12 மரை; பிட்ச் சுமார் 2.12 மி.மீ. இன்று சுலபமாகக் கிடைக்கிற எம்12 போல்ட்டின் பிட்ச் 1.75 மி.மீ. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒழுங்காகச் சேராது. அமெரிக்க அரை அங்குல போல்ட்டில் 13 மரை. அதுவும் ரெண்டு சுத்து ஏறி மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் விட மோசமானது மூணு நூல், அதாவது 3/8 அங்குலம். இங்கிலாந்து மரையும் 16, அமெரிக்க மரையும் 16. கையாலேயே ஏறிவிடும். “ஆஹா, கிடைச்சுடுச்சு!” என்று சந்தோஷப்படுவோம். கோணம் 55-க்கு 60 என்பதால் மரையின் முகம் முழுசாகப் படியாது. மெஷின் அதிர அதிர, இறுக்கம் போய்விடலாம். சுழலும் வேலைக்கு முன்னால் நிற்பது நம்ம முகம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்பேனரிலும் இதே கூத்துதான். பழைய ஸ்பேனரில் ‘1/2’ என்று போட்டிருந்தால் அதன் வாய் அரை அங்குலம் இல்லை; 0.92 அங்குலம், சுமார் 23.4 மி.மீ. அந்த எண் போல்ட்டின் குறுக்களவைக் குறிக்கிறது. இது தெரியாமல் கிடைத்த ஸ்பேனரைப் போட்டுத் திருகித்தான் பாதி போல்ட்டின் தலை உருண்டையாகிறது.

போல்ட் கிடைக்காதபோது நம்ம ஆட்கள் செய்வது என்ன? ஏறாத போல்ட்டைச் சுத்தியால் தட்டி ஏற்றுவது. இல்லாவிட்டால் துளையைப் பெரிசாக்கிப் புது மெட்ரிக் மரை போடுவது. என் கருத்தில் இரண்டும் தப்பு. போல்ட் கெட்டால் மாற்றலாம். மெஷின் உடம்பு கெட்டால் எதை மாற்றுவது?

அப்படியானால் செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு பஸ் ஏறி, பாரிமுனைத் தெருக்களில் கடை கடையாக அலைய வேண்டியதுதானா? தேவையில்லை நண்பர்களே! மருந்து நம்ம வொர்க்‌ஷாப்பிலேயே இருக்கிறது. வெர்னியரால் குறுக்களவைப் பாருங்கள். பிட்ச் கேஜை வைத்து மரையை எண்ணுங்கள். 55 டிகிரி கேஜும் 60 டிகிரி கேஜும் தனித்தனி. லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 மரை உள்ள லேத்தில் 12 மரை வெட்ட விகிதம் 4/12. அதாவது 20 பல் சக்கரம் ஓட்ட, 60 பல் சக்கரம் ஓடினால் போதும். மெட்ரிக் லேத்தாக இருந்தால் 127 பல் சக்கரம் கைகொடுக்கும், 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127. தேர்வுக்கு நெட்டுருப் போடுகிற அந்தக் கணக்குக்கு உயிர் வருவது இங்கேதான்.

ஒவ்வொரு வருஷமும் பிராக்டிகலில் நாம் மரை வெட்டுகிறோம். மார்க் போட்டதும் அந்தத் துண்டுகள் எங்கே போகின்றன? காயலாங்கடைக்கு! ஒரு பக்கம் மரை இல்லாமல் மெஷின் தூங்குது. இன்னொரு பக்கம் வெட்டின மரையை எடைக்குப் போடுறோம். இந்த இரண்டையும் சேர்த்து வைக்க யாரும் யோசிக்காததுதான் என் வருத்தம்.

மாணவர் சங்கம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கட்டும். ஒன்று, பிராக்டிகல் ஜாப்பாக நம்ம மெஷின்களுக்கு வேண்டிய போல்ட்டையே கொடுக்கட்டும். பளு தாங்கும் இடத்துக்குச் சாதா மைல்டு ஸ்டீல் கூடாது, இ.என்.8 போன்ற இரும்பு வேண்டும், ஆசிரியர் பார்த்துச் சொன்ன பிறகே மாட்ட வேண்டும். இரண்டு, பழைய மெஷினை ஏலம் விடும் முன் அதன் போல்ட், நட்டுகளைக் கழற்றி அளவு வாரியாக டப்பாவில் போட்டு வைக்கட்டும். மூன்று, ஒவ்வொரு மெஷினுக்கும் எந்த இடத்தில் எந்த மரை என்று ஒரு நோட்டு வேண்டும். எங்கள் தொண்டூரில் சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள் உண்டு. செய்தவர் யார், செய்யச் சொன்னவர் யார் என்று பழைய தமிழி எழுத்தில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நமக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு பாரமா?

“சி.என்.சி. காலத்தில் இதெல்லாம் எதுக்குடா?” என்று சில நண்பர்கள் சிரிக்கலாம். சி.என்.சி.யும் படிப்போம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பழைய ஆயில் இன்ஜின் நின்று போன விவசாயிக்கும், பெல்ட் ஓட்டுகிற ரைஸ் மில்காரருக்கும், “இது விட்வொர்த் மரைங்க அண்ணே, அளவு எடுத்துட்டுப் போய் நாளைக்குக் கொண்டு வர்றேன்” என்று சொல்லத் தெரிந்த பையன்தான் தேவை. அவனுக்கு வேலை தேடி அலைய வேண்டிய அவசியம் குறைவு.

அளக்கக் கற்றவன் அலைய மாட்டான். வரும் ஆண்டு மலர் வெளிவரும்போது, நம்ம வொர்க்‌ஷாப்பில் போல்ட் இல்லாமல் நிற்கிற மெஷின் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கூடி முயல்வோம்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், தொண்டூர்