பெட்டிக்குள் கிடக்கும் நிரல்கள்

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பின்னாளைய திருத்தங்களுக்குப் பிறகு, கணினி நிரலையும் ‘இலக்கியப் படைப்பு’ என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. கவிதைக்கும் நாவலுக்கும் பக்கத்தில் எழுத்துரு மாற்றிக்கு ஓர் இருக்கையா என்று நம்மில் சிலர் புன்னகைக்கக்கூடும். பழைய சிற்றிதழ் ஒன்றைக் கணினியில் மீட்டெடுக்க முயன்றவர்களுக்கு அது அத்தனை விநோதமாகத் தோன்றாது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு முயற்சியில் நாம் இறங்கினோம். தொண்ணூறுகளின் இறுதியில் தட்டெழுதப்பட்ட கதைகளும் கட்டுரைகளும் ஒரு குறுவட்டு நிறைய இருந்தன. திறந்தால் ரோமன் எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பை. அக்காலத்தில் எழுத்துரு செய்தவர்கள் தத்தம் விருப்பப்படி எழுத்துகளை அடுக்கிவைத்திருந்தார்கள். ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டாலும் அது வீட்டுக் கணினிகளுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. இடையில் திஸ்கி வந்தது. டாம், டாப் வந்தன. இவை எவற்றிலும் சேராத தனிக்குடித்தன எழுத்துருக்களும் ஏராளம். நமக்கு வாய்த்தது அவற்றுள் ஒன்று. அதற்கு ஒருவர் மாற்றி எழுதியிருந்தார் என்று விசாரித்து அறிந்தோம். “அது பழைய கணினியோடு போய்விட்டது. அவ்வளவு நன்றாகவும் இருக்காது, அதனால்தான் யாருக்கும் கொடுக்கவில்லை” என்றார் அவர். குற்றம் சொல்ல முடியவில்லை. நாமும் கையெழுத்துப் பிரதிகளை அப்படித்தானே ஒளித்துவைக்கிறோம்.

ஆகவே நாமே எழுதத் தொடங்கினோம். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே சேமிக்கும் வரிசை: கொம்பு முதலில், ககரம் பிறகு. ஒருங்குறியில் ககரம் முதலில், கொம்பு அதன் பின்னால். இதை ஓரிரு நாளில் சமாளித்துவிடலாம். உண்மையான வம்பு ஔகாரத்தில் இருந்தது. நம் கோப்புகளில் ஔகாரக் குறியின் இடத்தில் ளகரத்தையே போட்டிருந்தார்கள். கௌதமன் ‘கெளதமன்’ என்றே கிடந்தார். கொம்பு பெற்ற எழுத்தை அடுத்து, புள்ளியோ வேறு குறியோ இல்லாத வெறும் ளகரம் வந்தால் அதை ஔகாரமாகக் கொள்க என்று ஒரு விதி செய்தோம். கௌதமன் மீண்டார். வௌவால் பறந்தது. ‘தெளிவு’ம் ‘வெள்ளி’யும் சேதமின்றி நின்றன. நமக்கு ஒரே பெருமிதம்.

மெய்ப்புப் பார்த்த நண்பர் நிரல் எழுதத் தெரியாதவர், கரிசல்காட்டுக்காரர். ஒரு கதையில் நிறுத்தினார். ‘வெளக்கு’ அங்கே ‘வௌக்கு’ ஆகியிருந்தது. ‘வெளஞ்ச’ சோளம் ‘வௌஞ்ச’ சோளமாகியிருந்தது. வட்டார வழக்கில் அமைந்த உரையாடல்களையெல்லாம் நமது அருமையான விதி கடித்துக் குதறியிருந்தது. எழுத்துத் தமிழை மட்டும் வைத்துச் சோதித்த நமக்கு இது தெரிய வழியில்லை. விதிக்கு விலக்காக ஒரு சொற்பட்டியல் வேண்டும். அதைத் தொகுக்க நெல்லைக்காரரும் தஞ்சைக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் வேண்டும். மூடிய பெட்டிக்குள் கிடக்கும் நிரலில் இவர்கள் எங்கே போய்ச் சேர்ப்பார்கள்?

தமிழுக்காக இரவு கண்விழித்து நிரல் எழுதும் நண்பர்களிடம் நமது வேண்டுகோள் இதுதான்: முடித்துவிட்டுத் தருகிறேன் என்று காத்திருக்க வேண்டாம். மதுரைத் திட்டத்தில் 1998 முதல் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கிவருகிறார்கள். உரையைப் பகிர்வதில் இவ்வளவு தாராளம் காட்டும் நாம் நிரலென்றால் மட்டும் கூச்சப்படுகிறோம். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தைப் பாருங்கள். அதன் மூலநிரல் எவரும் எடுத்தாளும்படி எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்திருக்கிறது, பழைய குறியாக்கங்களை மாற்றும் பகுதியும் அதில் உண்டு. முன்பே நாம் அங்கே எட்டிப் பார்த்திருந்தால் கொம்பு மாற்றும் வேலையாவது மிஞ்சியிருக்கும்.

திருடிவிடுவார்களே என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. பெயர் நிலைத்தால் போதுமென்றால் எம்.ஐ.டி. உரிமம் இருக்கிறது. திருத்தி வெளியிடுபவரும் மூலநிரலை அதே உரிமையோடு தரவேண்டுமென்றால் 1989இல் வந்த ஜி.பி.எல். இருக்கிறது. உரிமமே குறிப்பிடாமல் விட்டுவிடுவதுதான் மோசம். அப்போது சட்டப்படி அது எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் பூட்டிக் கிடக்கும். பாரதியின் எழுத்துகளைப் பொதுவாக்க 1949இல் அரசு முன்வர வேண்டியிருந்தது. நிரலர் ஒரே வரியில் தாமே அதைச் செய்துவிடலாம்.

நமது மாற்றியை, அதன் அசிங்கமெல்லாம் தெரிய, வெளியிட்டுவிட்டோம். விலக்குப் பட்டியலில் 40 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அண்மையில் ஒருவர் ‘கெளவி’யை அனுப்பியிருந்தார். சில ஊர்களில் கிழவி. ஔகாரமாகக் கொண்டால் நாய் எலும்பைக் கௌவி ஓடியது. எந்த இடத்தில் எது என்று நிரலுக்கு எப்படிச் சொல்வதென்று நமக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த வரி திறந்தே இருக்கிறது.