மூவாயிரம் ரூபாய் பிரிண்டரும் கரைஞ்சுபோன மாத்திரை அளவும்

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

போன மழைக்காலத்துல ஓபிக்கு ஒரு அம்மா வந்தாங்க. இதயத்துல செயற்கை வால்வு வெச்சவங்க, ஆபரேஷன் வேற ஊர்ல. டிஸ்சார்ஜ் சம்மரியை மஞ்சப்பையில போட்டு, பஸ் ஸ்டாண்டுல இருந்து நனைஞ்சுக்கிட்டே வந்திருக்காங்க. பிரிச்சா பாதிப் பக்கம் ஊதாவா ஓடியிருக்கு. ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் எழுதியிருக்கு, அது தெரியுது. எத்தனை மில்லிகிராம்? தெரியல. அட்டையும் தீர்ந்து தூக்கிப் போட்டாச்சு.

அந்த மாத்திரை கூடினா ரத்தக்கசிவு, குறைஞ்சா வால்வுல ரத்தக்கட்டி. ஐஎன்ஆர் டெஸ்ட் எடுத்து, ஆபரேஷன் பண்ணின இடத்துக்கு போன் போட்டு, அளவைக் கண்டுபிடிக்க மதியம் ஆயிடுச்சு.

டாக்டர் கையெழுத்து புரியலன்னு எங்களைக் கிண்டல் பண்றீங்க. நியாயம்தான். ஆனா பால்பாயின்ட் பேனா மை மழைக்கு இப்படி ஓடாதுங்க.

காரணம் மலிவு இங்க்ஜெட். அதுல வர்ற மை பெரும்பாலும் தண்ணியில கரைஞ்ச சாயம். காகிதத்துல காய்ஞ்சாலும் ஈரம் பட்டா திரும்பக் கரையும். லேசர் பிரிண்டர்ல மையே கிடையாது. டோனர்ங்கிறது பிளாஸ்டிக் கலந்த பொடி, அதைச் சூட்டுல உருக்கி காகிதத்தோட ஒட்டுது. நனைஞ்சா காகிதம் கிழியலாம், எழுத்து ஓடாது.

“அதெல்லாம் சரி டாக்டர், லேசர் விலை பத்தாயிரத்தைத் தாண்டுதே, இங்க்ஜெட் 3,000, 4,000 ரூபாய்க்குக் கிடைக்குதே”ன்னு கேப்பீங்க. அந்த விலைக்கு மெஷினைக் கொடுத்துட்டு கம்பெனி எங்க சம்பாதிக்கும்னு யோசிச்சீங்களா? கார்ட்ரிட்ஜ்ல. சின்ன கறுப்பு கார்ட்ரிட்ஜ் நூறு, இருநூறு பக்கத்துல முடிஞ்சிடும். அந்தக் கணக்கும் ஒரு பக்கத்துல சுமார் 5% இடத்துல மை படுதுன்னு வெச்சுப் போட்டது. நீங்க போட்டோ போட்டா அதுவும் வராது. சில தடவை கார்ட்ரிட்ஜ் மாத்தினா பிரிண்டர் விலையே வந்துடும்.

இதைவிடக் கொடுமை, பிரிண்ட் எடுக்கலைன்னாலும் மை தீரும். ரெண்டு மாசம் சும்மா கிடந்தா நம்ம ஊர் சூட்டுக்கு நாசில் காய்ஞ்சு அடைச்சுக்கும். அதைச் சுத்தம் பண்ண மெஷின் உங்க மையையே உறிஞ்சி உள்ள இருக்குற பஞ்சுல கொட்டும். நீங்க காசு கொடுத்து வாங்கின மை, ஒரு எழுத்துகூட அடிக்காம.

சரி, வெளி கார்ட்ரிட்ஜ் போடலாம்னா சிப் வெச்சிருக்காங்க. 2016 செப்டம்பர்ல ஹெச்பி பிரிண்டர்கள் திடீர்னு வேற கம்பெனி கார்ட்ரிட்ஜை ஏத்துக்காம நின்னது உலகச் செய்தி. வித்த கார்ட்ரிட்ஜ் மேல பேட்டன்ட் உரிமை கொண்டாட முடியாதுன்னு 2017ல லெக்ஸ்மார்க் வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. பேட்டன்ட் போனா என்ன, சிப் இருக்கே!

அதனால வாங்குறதுன்னா கறுப்பு வெள்ளை லேசர் வாங்குங்க. நம்ம ஊர் டிடிபி கடை, வக்கீல் ஆபீஸ்ல எல்லாம் வருஷக்கணக்கா ஓடின கேனன் எல்பிபி 2900, ஹெச்பி 1020 ஞாபகம் இருக்கா? 12ஏ டோனர் ஒண்ணு போட்டா சுமார் 2,000 பக்கம். தீர்ந்தா தெருமுனைக் கடையிலயே சில நூறு ரூபாய்க்கு ரீஃபில். ஆறு மாசம் சும்மா கிடந்தாலும் பொடி காயாது. ஒரே ஒரு விஷயம், சூடேத்தும்போது கரன்ட் நிறைய இழுக்கும். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ல சொருகாதீங்க.

பிள்ளைக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் கலர்ல வேணுமா? அடிக்கடி எடுப்பீங்கன்னா இங்க் டேங்க் வாங்குங்க. மை பாட்டில்ல வரும், பக்கத்துக்கு ஆகுற செலவு ரொம்பக் கம்மி. ஆனா அதுவும் வாரம் ஒரு தடவையாவது ஓடணும். வருஷத்துக்கு ஆறு தடவைன்னா எதுக்குங்க பிரிண்டர்? செராக்ஸ் கடைக்காரரும் பிழைக்கட்டும்.

இப்போ கிளினிக், லேப் வெச்சிருக்குற நண்பர்களுக்கு. ரிப்போர்ட்ல கலர் லோகோ வேணும்னு இங்க்ஜெட் வாங்கி வெச்சிருக்கீங்க. லோகோவை லெட்டர்பேடுல அச்சடிச்சுக்கோங்க. மருந்து அளவை லேசர்ல கொடுங்க. இங்க் டேங்க் ஏற்கனவே வாங்கியாச்சுன்னா, கறுப்பு பிக்மென்ட் மையான்னு பாருங்க. அது ஓரளவு தண்ணி தாங்கும்.

நோயாளிகளுக்கும் ஒண்ணு. வழவழன்னு இருக்குற ஈசிஜி தாள் சூட்டுக்குக் கறுக்குற தெர்மல் பேப்பர். நாளாக நாளாக மங்கும், பிளாஸ்டிக் கவர்ல வெச்சா சில சமயம் சீக்கிரமே மங்கும். பத்திரமா இருக்கட்டும்னு லேமினேஷன் போட்டுடாதீங்க, மொத்தமா கறுத்துடும். நெஞ்சுவலின்னு நடுராத்திரி வரும்போது பழைய ஈசிஜியோட ஒப்பிட்டுத்தான் இது புதுசா பழசான்னு முடிவு பண்றோம். எடுத்த அன்னைக்கே ஒரு செராக்ஸ் போட்டு, போன்லயும் ஒரு போட்டோ வெச்சுக்கோங்க.