பூட்டும் விழிப்பும்

தொலைவிலுள்ள கணிப்பொறியை இருந்த இடத்திலிருந்தே இயக்குதல் யூனிக்ஸ் உலகில் நெடுநாளைய வழக்கம். அதற்கு முன்னாளில் பயன்பட்டது டெல்நெட்; கோப்புகளை அனுப்பப் பயன்பட்டது எஃப்.டி.பி. இவ்விரு முறைகளிலும் கடவுச்சொல் மறைப்பின்றியே சென்றது. அஞ்சலட்டையில் எழுதிய செய்தியை வழியிலுள்ளோர் படித்தல் அரிதன்றே!

1995ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் இவ்வாறே களவாடப்பட்டன. அதுகண்ட டாட்டு யுலோனென் என்னும் ஆராய்ச்சியாளர், செல்லும் செய்தி அனைத்தையும் பிறர் அறியாவண்ணம் மறைத்தனுப்பும் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை அவ்வாண்டிலேயே அமைத்தார். இன்று கோப்புகளும் அவ்வழியே காப்புடன் செல்கின்றன.

ஆயினும், பூட்டு ஒன்றே காவலாகிவிடுமா? ஆகாது என்பதே என் கருத்து. ஒரு கணிப்பொறியுடன் முதன்முறை தொடர்பு கொள்ளும்போது, அதற்கே உரிய கைரேகை போன்றதோர் அடையாளக் குறியை எஸ்.எஸ்.எச். திரையில் காட்டித் 'தொடரலாமா?' என்று வினவுகின்றது. நம்மில் பலர் அக்குறியைப் படியாமலே 'ஆம்' என்று விடையிறுக்கின்றோம். மறுமுனையில் இருப்பவன் வஞ்சகனாயின், மறைபொருளை நாமே அவன் கையில் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர்களாவோம்! அக்கணிப்பொறிக்கு உரியவரிடம் குறியை முன்னரே கேட்டறிந்து ஒப்பிட்டுப் பார்த்தல் பெருஞ்செயலன்று. ஒருமுறை ஏற்ற குறியை நம் கணிப்பொறி குறித்து வைத்துக்கொள்ளும். பின்னர் அது மாறியிருப்பின் எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையையும் புறக்கணித்தல் தகாது.

மாணவர்களே! கருவி எத்துணைச் சிறந்ததாயினும், ஆள்பவர் விழிப்பின்றேல் அதனாற் பயனில்லை. ஆதலின், 'ஆம்' என்னும் முன் அக்குறியைப் படித்துப் பாருங்கள்.